ஏரியின் இரண்டு கரையும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால்

தென் சென்னைப் புறநகரில் எங்கள் ஏரி. ஒரு கரையில் நாங்கள் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு, எதிர்க்கரையில் ஆஸ்பெஸ்டாஸும் தகரமும் தார்ப்பாயுமாக அறுபது எழுபது வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்தே முழுகின. எதிர்க்கரைப் பையன்கள் லாரி டியூபைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்து எங்கள் தரைத்தளத்துப் பெரியவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் மூன்று ராத்திரி எங்கள் மாடிக் கூடத்தில் படுத்தார்கள். இனி எல்லாம் மாறிவிடும் என்று நான் நிஜமாகவே நம்பினேன். பொங்கல் முடிந்ததும் கேட்டில் பழைய நோட்டு திரும்ப வந்துவிட்டது: வருகிறவர் பெயர், எந்த வீடு, நேரம், கையெழுத்து.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மறுபடி தண்ணீர். இந்த முறை எங்கள் சங்கம் ஒரு மனு எழுதியது. ஏரியைத் தூர்வார வேண்டும், கரையைப் பலப்படுத்த வேண்டும், ஆக்கிரமிப்புகளை உடனே அகற்ற வேண்டும். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த மூன்றாவது வரியை நான் யோசிக்கவே இல்லை, எல்லா ஏரி மனுவிலும் இருக்கிற வரிதானே. எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் எதிர்க்கரையில்தான் இருக்கிறார். அம்மாவோடு வந்த அவருடைய பத்தாவது படிக்கிற மகள், லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த நகலைப் படித்துச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார்: "எங்க வீட்ட இடிக்கச் சொல்லி நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்களாக்கா?"

அந்த மனுவை நாங்கள் திரும்ப வாங்கிக்கொண்டோம். அடுத்த ஒன்பது மாதத்தில் இரண்டு கரையும் சேர்ந்து வேறொரு மனு எழுதினோம். அதில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் கையெழுத்தும் இருக்கிறது. அதை எப்படிச் செய்தோம், எங்கே தப்பு செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். உங்கள் ஊரில் அது ஏரியாக இல்லாமல் பள்ளிக்கூடமாகவோ குப்பைக்கிடங்காகவோ சுடுகாட்டுப் பாதையாகவோ இருக்கலாம், வேலை கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

"எங்களோடு சேருவீங்களா?" என்று போய் நிற்காதீர்கள். வசதியாக இருப்பவர் ஒருவர் இப்படி வந்து கேட்டால், இல்லாதவர் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார், அதோடு அது முடிந்தது. "இது நடந்தா உங்களுக்கு என்ன போகும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். பதில் வர நேரம் ஆகும்.

எதிர்க்கரையில் எனக்குக் கிடைத்த பதில்களில் வீடு இடிவது முதலில் வரவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். முதலில் வந்தது பிள்ளைகளின் படிப்பு. ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்தவர்களைப் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய கதை அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பள்ளி ஆண்டு நடுவில் வண்டி வந்து சாமானை ஏற்றிக்கொண்டு போனால் பிள்ளை எந்தப் பள்ளியில் பரீட்சை எழுதும்? அடுத்தது வேலை. நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிற பெண் அந்த நாலு வீட்டுக்கும் நடந்து போகிற தூரத்தில் இருந்தால்தான் பிழைப்பு. அதற்கப்புறம்தான் வீடு.

சரி, இதே கேள்வியை எங்கள் பக்கத்திலும் கேட்டேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், ஆக்கிரமிப்பை அகற்றியே ஆக வேண்டும் என்று கூட்டத்தில் எப்போதும் சத்தம் போடுவார். அவருக்குத் தரைத்தளம். 2015இல் அவர் மனைவியின் மருந்து, வீட்டுப் பத்திரம், செத்துப்போன மகனின் போட்டோக்கள் எல்லாம் தண்ணீரில் போயின. இப்போதும் மழை கொஞ்சம் பலமாகப் பெய்தால் அவர் தூங்குவதில்லை. எதிர்க்கரைமேல் அவருக்குக் கோபம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அவருக்கு இருந்தது பயம், அதைக் கொட்ட ஒரு இடம் வேண்டும், 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் கைக்கு அகப்பட்டது.

இரண்டு பக்கத்துப் பதில்களையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், என்ன போகும் என்பது மட்டும் போதும். அந்த நோட்டைக் கூட்டத்தில் படித்தபோது, ராத்திரி மழை பெய்தால் தூக்கம் வருவதில்லை என்கிற வரி இரண்டு கரையிலிருந்தும் வந்திருந்தது. எங்களுக்குள் பொதுவாக இருந்தது முதலில் அதுதான்.

யாருக்கு என்ன தெரியும்

வசதி உள்ளவர்கள் பொதுவாகச் செய்கிற தப்பு, நாங்களும் செய்தது: எல்லாம் நமக்குத் தெரியும், அவர்களுக்கு விளக்கினால் போதும் என்று நினைப்பது. எங்களிடம் கம்ப்யூட்டர் இருந்தது, சட்டம் படித்தவர் இருந்தார், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டுப் புல வரைபடம் வாங்கத் தெரியும். ஆனால் ஏரிக்குள் கழிவுநீரைக் கொட்டுகிற லாரி ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறது, வரத்துக்கால்வாய் ஓரம் நிறுத்தி இருபது நிமிஷத்தில் காலி செய்துவிட்டுப் போகிறது என்பது எதிர்க்கரைக்குத்தான் தெரியும். அவர்கள்தான் நாற்றத்தில் முழித்துக்கொள்கிறவர்கள். லாரி நம்பர் ஏழு எட்டு அவர்களிடம் இருந்தது, ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார்கள். யாரும் வந்து கேட்கவில்லை, அதனால் சுவரிலேயே கிடந்தது.

இன்னொன்றும் தெரிய வந்தது, அதுதான் எங்களை உலுக்கியது. எதிர்க்கரையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெரியவர், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தைப் பார்த்தவர், எங்களோடு கரையைச் சுற்றி நடந்தார். கலங்கல் (ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற இடம்) எங்கே இருந்தது, மதகு எங்கே, உபரிநீர் எந்த வழியாக அடுத்த ஏரிக்குப் போகும் என்று கைத்தடியால் காட்டிக்கொண்டே வந்தவர் எங்கள் குடியிருப்பின் வாசலில் நின்றார். "கால்வா இப்டித்தாம்மா போச்சு" என்றார். வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். எங்கள் நுழைவுச் சாலையின் ஒரு பகுதி பழைய கால்வாய்மேல்தான் இருக்கிறது. எங்களிடம் பட்டா இருக்கிறது, கட்டட அனுமதி இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது. அவர்களிடம் ஒன்றும் இல்லை. தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆகவே கூட்டம் போடுவதற்கு முன்பு சேர்ந்து நடங்கள். ஒரு ஞாயிறு சாயங்காலம், ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம், முழு ஏரியையும் சுற்றி. உட்கார்ந்து பேசினால் பேசத் தெரிந்தவர்தான் பேசுவார். நடக்கும்போது இடம் தெரிந்தவர் பேசுவார்.

எங்கே, எப்போது, எதில் உட்காருவது

எங்கள் முதல் கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, குடியிருப்பின் கூடத்தில். எதிர்க்கரையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டு வேலை செய்கிற பெண்கள் யாராவது ஒருவர் வீட்டில் வேலையில் இருப்பார்கள், மீதிப் பேர் கறி மீன் வாங்கச் சந்தையில் இருப்பார்கள். வந்த மூன்று பேரும் கேட்டில் நோட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அவர்கள் கூட்டம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது கூட்டம் மாநகராட்சிப் பள்ளி வளாகத்தில், ஞாயிறு இரவு ஏழரைக்கு. நாற்பது பேர். கோயில் மண்டபம் சும்மாதானே இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அந்தக் கோயிலுக்குள் யார் எதுவரை போகலாம் என்பதில் எங்கள் பகுதியில் இன்னும் பேசப்படாத விஷயங்கள் இருக்கின்றன, அதனால் வேண்டாம் என்றோம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் வசதி வித்தியாசம் என்று சொல்கிறபோது பாதிக்கு மேல் அது சாதிதான். அதைப் பேசாமல் சுற்றிக்கொண்டு போனால் மற்ற எதுவும் நிற்காது.

அதனால் சின்ன விஷயங்களில் கவனமாக இருங்கள். நாற்காலி இருந்தால் எல்லாருக்கும் நாற்காலி, இல்லையென்றால் எல்லாரும் ஜமக்காளத்தில். டீ ஒரே கேனிலிருந்து, ஒரே மாதிரி கப்பில். ஊற்றிக் கொடுப்பதும் மாறி மாறி. வீட்டில் "வா, போ" என்று கூப்பிடுகிறவரைக் கூட்டத்தில் "வாங்க" என்றுதான் சொல்ல வேண்டும், அப்புறம் வீட்டிலும் அப்படியே சொல்லிப் பழகுங்கள். "வாட்ச்மேன்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் பெயர் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலம் வேண்டாம், தட்டச்சு வராதவர்கள் குரலில் பேசிப் போடட்டும். எங்கள் குழுவில் அதிகம் பேசுகிறவர் இப்போது மீன் விற்கிற ஒரு அம்மா. அவர் அனுப்புவதெல்லாம் குரல் செய்திதான். அதிகாலையிலேயே எழுந்துகொள்கிறவர் என்பதால் ஏரி மட்டம் பற்றி முதல் தகவல் அவரிடமிருந்துதான் வரும்.

இலவசம் என்ற பேச்சு வரும்போது

கண்டிப்பாக வரும். "ஆயிரம் ரூபா வாங்குறாங்க, ஃப்ரீ பஸ்ல போறாங்க, ரேஷன்ல அரிசி சும்மா" என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆரம்பிப்பார். வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் 2016இலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் வீடுகளுக்கு இலவசம், குளிர்சாதனம் வைத்திருக்கிற வீட்டின் பில்லிலும் அந்தத் தள்ளுபடி இருக்கிறது. பில்லை எடுத்து அமைதியாகக் காட்டினால் போதும், நான் அதைத்தான் செய்தேன். அதைச் சொல்லிக்காட்டும் தொனியில் சொல்லக் கூடாது. அரசாங்கத்தின் கை எல்லார் வீட்டுக்குள்ளும் ஏதோ ஒரு வழியில் வருகிறது என்று புரிந்தால் அந்தப் பேச்சு தானாகக் குறையும். எதிர்க்கரையில் "பணக்காரங்களுக்கு என்ன கவலை" என்ற பேச்சு வந்தபோதும் இப்படித்தான், தரைத்தளத்துப் பெரியவரே எழுந்து அந்தப் போட்டோக்களைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

கட்சிக்காரர்களோடு

பலர் முதலிலேயே "கட்சி வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். எங்கள் சங்கமும் அதைத்தான் சொன்னது. எனக்கு இப்போது அது தப்பாகப் படுகிறது. எதிர்க்கரையில் ராத்திரி ஒரு பிரசவம் என்றால் ஆட்டோ பிடித்துக் கொடுப்பது வட்டச் செயலாளர்தான், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மனு எழுதிக் கொடுப்பது கட்சிக் கிளையில் இருக்கிற தம்பிதான். அவர்களுக்குக் கட்சி என்பது டிவி விவாதம் இல்லை, ஆபத்துக்கு ஓடி வருகிற ஆள். கட்சியை வெளியே வை என்றால் அந்த ஆளையும் வெளியே வை என்று அர்த்தமாகிவிடும்.

ஆகவே எல்லாரையும் கூப்பிடுங்கள், ஆளுங்கட்சி வட்டச் செயலாளர், எதிர்க்கட்சி வட்டச் செயலாளர், முகாம் செயலாளர், கிளைச் செயலாளர், மண்டல் தலைவர், யார் யார் இருக்கிறார்களோ எல்லாரையும். ஆனால் தனித்தனியாக முதலில் போய்ப் பாருங்கள். நேராகக் கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்க்கும்படி வைத்தால் இருவரும் மேடைக் குரலில் பேசுவார்கள். தனியாகப் பார்க்கும்போது அவர்களிடமும் அதே கேள்விதான்: இது நடந்தா உங்களுக்கு என்ன போகும்? ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார், வேலை நடந்து பெயர் மற்றக் கட்சிக்குப் போய்விட்டால் மேலே நான் என்ன பதில் சொல்வேன் என்று. நியாயமான கவலை அது, அவருடைய இருபது வருஷ உழைப்பு அதில் இருக்கிறது.

நாங்கள் செய்த ஏற்பாடு இது. ஏரிக் காரியத்துக்கு யாரும் பேனர் வைப்பதில்லை, கரை வேட்டி கட்டி வரலாம், கொடி வேண்டாம், ஆகாயத்தாமரை அள்ளுகிற படத்தை அவரவர் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் ஆனால் படத்தில் எல்லாரும் இருக்க வேண்டும். ஒருவர் ஜேசிபி ஏற்பாடு செய்தால் இன்னொருவர் அன்றைக்குச் சாப்பாடு. தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து முடிவு வரும்வரை கூட்டமே கிடையாது. இது முக்கியம், அந்த இரண்டு மாதத்தில் கூடினால் எவ்வளவு நல்ல மனுஷர்களும் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள்.

"அந்த ஆட்சியில் வந்தது, இந்த ஆட்சியில் நின்றது" என்று சண்டை தொடங்கினால் நான் சத்துணவை எடுப்பேன். 1956இல் காமராஜர் தொடங்கியது, 1982இல் எம்.ஜி.ஆர். பெரிதாக விரித்தது, 1989இல் கலைஞர் முட்டை சேர்த்தது, அப்புறம் ஜெயலலிதா கலவை சாதம் கொண்டுவந்தது, 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டி. யாரும் முந்தையவர் போட்டதை நிறுத்தவில்லை, மேலே ஒன்று வைத்தார்கள். அறையில் இருக்கிற ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கும், அல்லது அதைச் சாப்பிட்டு வளர்ந்தவராக இருப்பார். 'நமக்கு நாமே' திட்டத்தையும் சொல்லலாம். 2011இல் ஆட்சி மாறியதும் அது 'தன்னிறைவுத் திட்டம்' ஆனது, 2021இல் மறுபடி பழைய பெயருக்கு வந்தது. ஊர் ஒரு பங்கு போட அரசு மிச்சத்தைப் போடுகிற ஏற்பாடு மட்டும் இரண்டு பெயரிலும் இருந்தது. எங்களுக்கும் அதுதான் வேண்டும், பெயர் எதுவாக இருந்தாலும் சரி.

மனுவை எழுதும்போது

வரிசைதான் முக்கியம். எல்லாரும் முழு மனதோடு ஒத்துக்கொள்வதை முதலில் வையுங்கள். எங்கள் மனுவில் முதல் கோரிக்கை கழிவுநீர் லாரிகள், நம்பர்களோடு. இரண்டாவது எங்கள் குடியிருப்பு உட்பட எல்லாக் குடியிருப்புகளின் கழிவுநீர் சுத்திகரிப்பும் நிஜமாக ஓடுகிறதா என்று சோதனை. இதைச் சேர்க்க எங்கள் பக்கத்தில் மூன்று வாரம் சண்டை நடந்தது. மூன்றாவது கலங்கலையும் உபரிநீர்க் கால்வாயையும் மழைக்கு முன்பே திறந்துவிடுவது, எங்கள் நுழைவுச் சாலைக்கு அடியில் பெரிய குழாய் பதித்து வழி விடுவதையும் சேர்த்து. நான்காவது தூர்வாருதல்.

வீடுகள் விஷயம் ஐந்தாவது. இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும், சட்டம் எதிர்க்கரைக்குச் சாதகமாக இல்லை. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கேட்டுப் பயனில்லை, 2007இல் வந்த ஏரிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, உயர் நீதிமன்றமும் ஆக்கிரமிப்பு விஷயத்தில் பல முறை கண்டிப்பாக உத்தரவு போட்டிருக்கிறது. பொய் நம்பிக்கை கொடுத்து ஒரு கையெழுத்து வாங்குவது பெரிய பாவம். எங்களுடைய சட்டம் படித்தவர் இதையெல்லாம் எதிர்க்கரையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் சொன்னார், அழுதார்கள், திட்டினார்கள், அப்புறம் கேட்டார்கள், "சரி, என்னதான் கேக்கலாம்?" கடைசியில் எழுதியது: எல்லாக் குடும்பங்களையும் முதலில் முறையாகக் கணக்கெடுக்க வேண்டும், மாற்று வீடு கையில் கொடுக்காமல் ஒரு வீட்டையும் தொடக் கூடாது, அந்த வீடு இதே பகுதியில் இருக்க வேண்டும், பள்ளி ஆண்டு நடுவில் எதுவும் கூடாது. 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் மனுவில் எங்கும் இல்லை. 'ஏரிக்கரையில் குடியிருக்கும் குடும்பங்கள்' என்றே எழுதினோம்.

இன்னும் ஒன்று. கரையை ஒட்டியே இருக்கிற பதினொரு வீடுகள் பற்றி எங்களுக்குள் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. மழைக்கு முன்பே அவற்றை மாற்ற வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பலர், வாடகைக்காவது பக்கத்தில் வீடு பார்த்துக் கொடுத்தால்தான் என்று அந்தப் பக்கம். அதை மறைக்காமல், "இந்தப் பதினொரு வீடுகள் குறித்து எங்களிடையே இரண்டு கருத்து உள்ளது" என்று எழுதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒத்துப்போகாததை எழுதி வைத்ததால்தான் ஒத்துப்போனது உடையாமல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மனுவைக் கொடுக்கும் முன்பு இரண்டு கரையிலும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எங்கள் மனுவைப் படித்தது அந்தப் பத்தாவது படித்த பெண், இப்போது பதினொன்றாவது. கொடுக்க வழிகள் பல. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், ஏரி நீர்வளத்துறை கையில் இருந்தால் அவர்களிடம், மாநகராட்சி மண்டல அலுவலகம், நகரத்தில் பகுதி சபைக் கூட்டம். கிராமமாக இருந்தால் கிராம சபை இருக்கிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை, அதில் தீர்மானமாகவே போடலாம். எங்கே கொடுத்தாலும் இரண்டு கரையிலிருந்தும் ஆள் போக வேண்டும், பேசுவது எதிர்க்கரைக்காரராக இருக்கட்டும். அதிகாரிகள் படித்தவர் பக்கம் திரும்பிப் பேசுவார்கள், அப்போது "அவங்ககிட்ட கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நில்லுங்கள். அன்றைக்குக் கூலி இழந்து வருகிறவர்களுக்கு அதைச் சங்கப் பணத்திலிருந்து கொடுப்பது தர்மம் ஆகாது, கூட்டுச் செலவு. கணக்கில் அப்படியே எழுதுங்கள்.

எங்கள் மனுவில் இதுவரை நடந்தது லாரிகள் நின்றதும் கால்வாய் திறந்ததும். கணக்கெடுப்பு பாதியில் நிற்கிறது, பதினொரு வீடுகள் அப்படியே இருக்கின்றன, மாதம் ஒரு முறை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கிவிடும், அதனால் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஆகஸ்டிலேயே ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். தரைத்தளத்தில் தனியாக இருக்கிற பெரியவர்கள் யார், எதிர்க்கரையில் கர்ப்பிணிகள் யார், டியூபும் கயிறும் யார் வீட்டில், எந்த மாடிக் கூடத்தில் எத்தனை பேர் படுக்கலாம். எங்கள் பட்டியலின் ஒரு நகல் லிஃப்ட் பக்கத்தில், முன்பு அந்த மனு ஒட்டியிருந்த இடத்தில் இருக்கிறது. பின் கேட்டின் சாவி ஒன்று எதிர்க்கரையில் மீன் விற்கிற அம்மாவின் வீட்டில் இருக்கிறது.